பழைய காம்பாக்ட் எஸ்.யூ.வி.: பெட்ரோலா, டீசலா? (வேலூர், பட்ஜெட் 7.5 லட்சம்)

சத்துவாச்சாரிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். பேப்பர் செலவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 7.5 லட்சத்துக்குள் வேண்டும். மேனுவல் கியர் போதும். ஐந்து வருடமாவது வைத்திருப்பேன். இப்போதைக்குக் கண்ணில் பட்டவை:

2019 பிரெஸ்ஸா டீசல், டி.என். 23, 82,000 கி.மீ., இரண்டாவது ஓனர், 6.90 லட்சம்.
2021 வென்யூ 1.2 பெட்ரோல், டி.என். 73, 41,000 கி.மீ., முதல் ஓனர், 7.20 லட்சம்.
2021 சோனெட் டீசல், சென்னை வண்டி, 68,000 கி.மீ., 8.10 லட்சம். இறங்கி வருவார்கள் என்கிறார் புரோக்கர்.

மாத ஓட்டம் சுமார் 1,100 கி.மீ. வரும். "ஆயிரத்தைத் தாண்டினால் கண்ணை மூடிக்கொண்டு டீசல் எடு" என்று நாலு பேர் சொல்லிவிட்டார்கள். சரிதானா?

கணக்குப்பிள்ளை

அந்த ஆயிரம் எப்படி வருகிறது என்று போட்டுப் பார்த்துவிடலாம்.

பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய், டீசல் 94 என்று வைத்துக்கொள்கிறேன். ஊரும் ஹைவேயும் கலந்த ஓட்டத்தில் பெட்ரோல் லிட்டருக்கு 14 கி.மீ., டீசல் 18 தருவதாகக் கொண்டால் கிலோமீட்டருக்குப் பெட்ரோலில் 7.29, டீசலில் 5.22. மிச்சம் 2.07 ரூபாய்.

ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே ஓட்டம் என்றால் டீசலுக்கு ஒரு லட்சம் கூடுதல் என்று கொள்வோம். ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் வருடம் 20,000. டீசல் ஃபில்டர், கொஞ்சம் விலை கூடிய சர்வீஸ் என்று வருடத்துக்கு 7,000 சேருங்கள். ஆக 27,000. இதை 2.07ஆல் வகுத்தால் வருடம் 13,040 கி.மீ., மாதம் 1,087. ஊரில் சொல்லும் ஆயிரம் இதுதான்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கூடுதலாகக் கொடுத்த லட்சம் முழுவதும் போய்விடாது. விற்கும்போது பாதி திரும்பி வந்தால் வருடச் சுமை 17,000தான். அப்போது மாதம் 685 கி.மீ. ஓட்டினாலே டீசல் தேறும். மறுபக்கம், ஐந்து வருடத்துக்குள் இன்ஜெக்டர், டர்போ என்று ஏதோ ஒன்றுக்கு 50,000 வைத்துவிட்டால் வருடத்துக்குப் பத்தாயிரம் ஏறி, திரும்பவும் அதே 1,087. ஆகவே 700இல் இருந்து 1,100 வரை ஓடுகிறவருக்கு எரிபொருள் கணக்கு எந்தப் பக்கமும் தீர்ப்பு சொல்லாது. 1,800க்கு மேல் போனால் எப்படிப் போட்டாலும் டீசல்தான்.

இன்னொன்று, உங்கள் பட்டியலில் டீசல் பிரெஸ்ஸாதான் விலை குறைவு. அது இரண்டு வருடம் மூத்தது, இருமடங்கு ஓடியது. மிச்சமான 30,000 ரூபாயைச் சேமிப்பு என்று எண்ண வேண்டாம். டயர், கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ் என்று அந்த வண்டியே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

ஸ்பேனர்_காட்பாடி

சார், அந்த 1,100 இன்னா மாதிரி ஓடுதுன்னு சொல்லவே இல்லியே? தெனம் ஹைவேல ஆபீஸ் போய் வர்றதா, இல்ல ஊருக்குள்ளயே சுத்துதா? பிரிச்சு சொல்லுங்க. அதுக்கப்புறம்தான் எஞ்சினப் பத்திப் பேச முடியும்.

சத்துவாச்சாரிக்காரன்

எனக்கு சிப்காட்டுக்கு கம்பெனி பஸ் உண்டு. வண்டி பெரும்பாலும் வீட்டம்மாவிடம்தான். பள்ளிக்கூடம் ஒரு நடை 5 கி.மீ., ஒரு நாளைக்கு நாலு நடை, மாதம் 22 நாள்: 440. காய்கறி, சி.எம்.சி. ஆஸ்பத்திரி, கடைகண்ணி: 150. மாதம் ஒருமுறை பெங்களூரு போய்வர 420. ஆரணிப் பக்கம் கிராமத்துக்கு 90.

ஸ்பேனர்_காட்பாடி

அப்ப சோனெட்டை லிஸ்ட்ல இருந்து அடிச்சிடுங்க. வண்டி மோசம்னு சொல்லல, நல்ல எஞ்சின். உங்க வீட்டு ஓட்டத்துக்கு ஒத்து வராது.

2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 புகை விதி வந்ததுல இருந்து இந்த சைஸ் டீசல்ல சைலன்சர் லைன்ல டி.பி.எஃப். இருக்கு. எஞ்சின் விடுற கரிய அது புடிச்சு வச்சுக்கும். ரொம்பினதும் எரிச்சுக் காலி பண்ணணும், அதுக்கு உள்ள சூடு 600 டிகிரி பக்கம் ஏறணும். ஹைவேல 60, 70க்கு மேல ஒரே சீரா 15–20 நிமிசம் போனா தானா முடிஞ்சிடும். ஊருக்குள்ள கிரீன் சர்க்கிள் சிக்னல், பள்ளிக்கூட வாசல்ல ஏ.சி. போட்டு ஐடில்ல நிக்கிறதுன்னா சூடு ஏறாது.

அப்ப எஞ்சின் கம்ப்யூட்டர், அதான் ஈ.சி.யூ., இன்னா பண்ணும்? சூட்ட ஏத்தறதுக்குக் கடைசி நேரத்துல கொஞ்சம் டீசலைக் கூடுதலா அடிக்கும். வேலை முடியறதுக்குள்ள பள்ளிக்கூடம் வந்துடும், சாவிய ஆஃப் பண்ணிடுவீங்க. எரியாத டீசல் சிலிண்டர் சுவத்துல வழிஞ்சு ஆயில்ல எறங்கும். மறு நடைல மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி பாதில நிக்கும். டிப்ஸ்டிக்ல ஆயில் அளவு 'மேக்ஸ்' கோட்டைத் தாண்டி நிக்குதுன்னா ஆயில் பெருகல சாமி, டீசல் கலந்துக்கினு இருக்கு. ஆயில் தண்ணியாப் போனா முதல்ல அடி வாங்கறது டர்போ பேரிங்.

ராணிப்பேட்டை73

ஒரு சின்ன மறுப்பு அண்ணே. மாதம் ஒருமுறை பெங்களூரு போகிறாரே? வாணியம்பாடி தாண்டக்கூட வேண்டியதில்லை, பள்ளிகொண்டா டோல் வருவதற்குள் ஒரு சுத்தம் முடிந்துவிடுமே.

ஸ்பேனர்_காட்பாடி

முடியும் தம்பி. ஆனா ஒரு தபா எரிச்சா அடுத்தது 300–500 கி.மீ.ல வரும், அதுவும் நல்ல ஓட்டத்துக்கு. ஊருக்குள்ளயே ஓடினா இன்னும் சீக்கிரம் ரொம்பும். அவரு ஊருக்குள்ள மாசம் 590 ஓட்டறாரு. அதுல ரெண்டு மூணு தபா எரிக்கப் பார்க்கும், அத்தனையும் 5 கி.மீ. நடைல. பெங்களூரு போற அன்னிக்கு ஒண்ணு நல்லா முடியும். மிச்சம் எல்லாம் அரைகுறை.

வீட்டம்மாவுக்கு அடையாளம் தெரிஞ்சா சமாளிக்கலாம்: ஐடில் 800ல இருந்து ஆயிரம் பக்கம் ஏறி நிக்கும், மைலேஜ் மீட்டர் திடீர்னு விழும், வண்டிய நிறுத்தினப்புறமும் ஃபேன் ஓடிக்கினே இருக்கும், லேசா காந்தற வாசனை வரும். அப்ப அப்படியே ஹைவே ஏறி, மூணாவது நாலாவது கியர்ல 2,000 ஆர்.பி.எம்.க்கு மேல வச்சு ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வரணும். புள்ளைய ஸ்கூல்ல விடப் போறவங்ககிட்ட இதச் சொல்ல முடியுமா?

ராணிப்பேட்டை73

ஒப்புக்கொள்கிறேன். இந்த இழையை வேறு யாராவது டீசல் பி.எஸ்.6 எடுப்பதற்காகப் படித்தால், ஸ்கேனரில் பார்க்க வேண்டியவை. ஆயிரம் ரூபாய்க்கு வரும் வண்டியின் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகும் சின்ன ப்ளூடூத் அடாப்டரே பாதி வேலையைச் செய்யும்.

முதலில் பார்ப்பது 'கோட் (ஈ.சி.யூ.வில் பதிவாகும் பழுதுக் குறியீடு) அழித்தபின் ஓடிய தூரம்'. எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருப்பதற்காக விற்பவர் கோடுகளை அழித்திருந்தால் இது காட்டிக்கொடுத்துவிடும். 68,000 ஓடிய வண்டியில் அந்த எண் 9 கி.மீ. என்று நின்றால், இன்று காலைதான் யாரோ கை வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் நகர்ந்துவிடுங்கள்.

அடுத்தது கூலன்ட் வெப்பநிலை. எஞ்சின் சூடான பிறகு 85 முதல் 95 டிகிரிக்குள் நிலையாக நிற்க வேண்டும். நம் ஊர் வெயிலைச் சாக்குச் சொல்லி தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் இன்னும் போகவில்லை. கழற்றினால் ஹைவேயில் 65, 70இலேயே கிடக்கும். எஞ்சின் குளிர்ந்தே ஓடுகிறது என்று எண்ணி ஈ.சி.யூ. டி.பி.எஃப். எரிப்பையே தொடங்காது. பெட்ரோல் வண்டியிலும் இது கெடுதல்தான்: எரிபொருள் கூடுதலாகப் போகும், ஆயில் கெடும். மே மாதத்தில் 40ஐத் தாண்டும் ஊரில் வண்டி சூடாகிறது என்றால் ரேடியேட்டர், ஃபேன், கூலன்ட் மூன்றையும் பார்க்க வேண்டுமே தவிர, தெர்மோஸ்டாட்டைத் தண்டிக்கக் கூடாது.

மூன்றாவது சைலன்சர் வாய். பி.எஸ்.6 டீசலில் உள்ளே விரலை விட்டுத் தேய்த்தால் கரி ஒட்டக் கூடாது. கன்னங்கரேல் என்று வந்தால் டி.பி.எஃப். உடைந்திருக்கிறது, அல்லது உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்துவிட்டு ஈ.சி.யூ.வை மாற்றி எழுதியிருக்கிறார்கள். அந்த வண்டியை விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

சோனெட்டுக்கே உரிய ஒன்று: சென்னை வண்டி என்பதால் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தை மனதில் வையுங்கள். நாலு சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு அங்கேதான் மறைந்திருக்கும். ஸ்டெப்னி குழி, சீட் ரெயில் போல்ட், டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள கனெக்டர்கள், ஃபியூஸ் பாக்ஸ் மூலை, இந்த இடங்களை வாஷிங்கில் முழுதாகச் சுத்தம் செய்ய முடியாது.

ஏலகிரி14

எல்லாரும் டீசலைக் கழுவிக் கழுவி ஊற்றுகிறீர்கள். அவருடைய பட்டியலில் உள்ள பிரெஸ்ஸா பழைய பி.எஸ்.4 விதி வண்டி. டி.பி.எஃப். தொல்லையே கிடையாது. 1,750 ஆர்.பி.எம்.மிலேயே 200 நியூட்டன் மீட்டர் இழுவை. வென்யூ 1.2இல் 115தான், அதுவும் 4,000ஐத் தொட்டால்தான் முழுதாக வரும். ஐந்து பேரும் லக்கேஜும் ஏ.சி.யும் போட்டுக்கொண்டு பொன்னேரியில் இருந்து ஏலகிரி ஏறினால் பதினாலு கொண்டை ஊசி வளைவிலும் இரண்டாவது கியர். சிலதில் முதல் கியர். பேரணாம்பட்டு மலைப்பாதையில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முந்துவதற்கு இடம் பார்த்துப் பார்த்தே போக வேண்டும். டீசலில் மூன்றாவதில் போட்டுவிட்டு சும்மா இருக்கலாம்.

ஸ்பேனர்_காட்பாடி

வருசத்துல ரெண்டு தபா ஏலகிரி ஏர்றதுக்காக 363 நாள் டீசல் ஓட்டணுமா சார்? 1.2 பெட்ரோலும் ஏறும். சத்தம் போடும், ஏறிடும். ஆனா பிரெஸ்ஸா விசயத்துல நீங்க சொல்றது நியாயம். அது ஃபியட் வழி வந்த 1.3 டி.டி.ஐ.எஸ். 200, நம்ம ஊர் மெக்கானிக் எல்லாருக்கும் கை வந்த எஞ்சின். பார்ட்ஸ் எங்க போனாலும் கிடைக்கும். 2020ல மாருதி டீசலையே நிறுத்திட்டதால 2016–2020 வண்டிதான் கிடைக்கும், அதுக்கு மேல இல்ல.

82,000 பிரெஸ்ஸாவப் பார்க்கப் போனா இப்படிப் பாருங்க.

காலைல முதல் ஸ்டார்ட்டு நீங்கதான் அடிக்கணும், முன்னாடியே சொல்லி வச்சுடுங்க. போனதும் பானட்டைத் தூக்கி எஞ்சினைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா நாளைக்கு வரேன்னு சொல்லிட்டுக் கிளம்புங்க. சூட்டுல எல்லா டீசலும் நல்ல பேர் வாங்கும்.

சாவியத் திருப்பி, க்ளோ பிளக் லைட் அணைஞ்சப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. டைமிங் செயின் பக்கத்துல கடகடன்னு சத்தம் வந்து ரெண்டு மூணு செகண்டுல அடங்கினா பரவால்ல, ஆயில் பிரஷர் ஏறி டென்ஷனர் புடிச்சுக்கினு இருக்கு. அடங்காம ஓடினா செயின் இழுத்துடுச்சு. இந்த எஞ்சினுக்கு ஆயில் சுமார் 3 லிட்டர்தான். கொஞ்ச ஆயில், நிறைய கரி. பத்தாயிரத்துக்கு மாத்த வேண்டியத பதினஞ்சாயிரம் இழுத்தவன் வண்டில செயின்தான் முதல்ல போவும். பல்லு தாண்டிச்சுன்னா வால்வு போய் பிஸ்டனை அடிக்கும், ஹெட்டைக் கழட்டணும். அதனால சர்வீஸ் பில்லைத் தேதியோட, கிலோமீட்டரோட வரிசையா வச்சுப் பாருங்க. நடுவுல ஒரு வருசம் காணோம்னா அதையும் விலைல கழிச்சுப் பேசுங்க.

புகை: ஸ்டார்ட் பண்ணதும் வெள்ளையா கொஞ்சம் வந்து நின்னா ஒண்ணுமில்ல. ஓடிக்கினே வந்தா இன்ஜெக்டரோ கம்ப்ரஷனோ. நீலம்னா ஆயில் எரியுது, டர்போ சீல் இல்லன்னா ரிங். ஆக்சிலேட்டர் மிதிச்சா மட்டும் கரும்புகைன்னா இ.ஜி.ஆர். (புகைல கொஞ்சத்த எஞ்சினுக்கே திருப்பி விடற வால்வு) அடைப்பு, இன்டர்கூலர் ஹோஸ் கிழிசல், ஏர் ஃபில்டர், இந்த வரிசைல பாருங்க. ஹோஸ் கிழிசல் சின்ன செலவு, அதை வச்சு விலை பேசலாம்.

ஐடில்ல ஓட விட்டு ஆயில் மூடியத் திருப்பித் தலைகீழா ஓட்டை மேல வைங்க. லேசா ஆடலாம். குதிச்சுக் கீழ விழுந்தாலோ, குபுகுபுன்னு புகை வந்தாலோ ரிங் தேய்ஞ்சு கீழே காத்து எறங்குது. எழுந்து வந்துடுங்க.

ராணிப்பேட்டை73

அண்ணன் சொன்னதோடு இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட்டையும் சேர்க்க வேண்டும். நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, ஒரே அளவு நாலு பாட்டிலில் விட்டு இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் ஓட்ட வேண்டும். நாலிலும் ஏறக்குறைய ஒரே மட்டம் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் மற்றதைவிட இருமடங்கு நின்றால் அந்த இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது. டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலை பார்க்கும் கடைக்கு வண்டியைக் கொண்டுபோக விற்பவர் சம்மதிக்க வேண்டும். "அதெல்லாம் எதுக்கு சார், வண்டி ஓடுது பாருங்க" என்றால் அதுவே ஒரு பதில்.

ரெயில் பிரஷர், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசல் போகும் குழாயின் அழுத்தம், ஐடிலில் பொதுவாக 250–350 பாருக்குள் நிற்கும். எண் எவ்வளவு என்பதைவிட அது ஆடாமல் நிற்கிறதா என்பதே முக்கியம்.

குடியாத்தம்_எக்ஸ்பிரஸ்

நடுவில் இரண்டு சந்தேகம். டெல்லி டீசல் வண்டிகள் ஒன்றரை லட்சம் வரை மலிவாக வருகின்றனவே, எடுக்கலாமா? இரண்டாவது, 2021 பெட்ரோல் வண்டிக்கு இப்போது வரும் 20% எத்தனால் பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

ஆம்பூர்_பாய்

டெல்லி விசயம் நான் சொல்றேன். அங்க டீசலுக்குப் பத்து வருசக் கட்டுப்பாடு இருந்ததால வயசாகற வண்டிய வெளி மாநிலத்துக்குத் தள்ளிவிட்டாங்க, அதனால மலிவு. நம்ம பக்கம் அந்தப் பத்து வருசக் கட்டுப்பாடு கிடையாது, பதினஞ்சு வருசம் வரைக்கும் ஆர்.சி. ஓடும். கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா படிவம் 28ல என்.ஓ.சி. வாங்கணும், இங்க வந்து ஆயுள் வரிய வண்டியோட வயசுக்கு ஏத்தபடி புதுசாக் கட்டணும், நம்ம நம்பர் வாங்கணும். அங்க கட்டின வரிய ரீஃபண்டு வாங்கறது தனிக் கதை. லாரில ஏத்தி வர்ற செலவு வேற. எல்லாம் சேத்தா மிச்சம் கரைஞ்சுடும். சர்வீஸ் ஹிஸ்டரி கேட்டா ஆள் அங்க, வண்டி இங்க. அந்தக் காசுக்கு டி.என். 23, 73, 83லயே தேடலாம். ஓனரை நேர்ல பாக்கலாம், எந்த மெக்கானிக்கு பார்த்தான்னு விசாரிக்கலாம்.

இன்னொண்ணு கவனிக்கணும். பெங்களூரு–சென்னை லைன்ல டாக்ஸியா ஓடின டீசலை வெள்ளை போர்டா மாத்தி விப்பாங்க. வாகன் போர்ட்டல்ல நம்பரப் போட்டா வகுப்பு, எரிபொருள், ஓனர் எண்ணிக்கை, ஃபைனான்ஸ் இருக்கா இல்லையா எல்லாம் தெரியும். 82,000ன்னு மீட்டர் காட்டுது, ஆனா கிளட்ச் பெடல் ரப்பர் வழவழன்னு தேய்ஞ்சிருக்கு, ஸ்டியரிங் பளபளன்னு இருக்கு, டிரைவர் சீட் ஓரம் உக்காந்து போயிருக்குன்னா மீட்டரை நம்பாதீங்க. டயர்ல நாலு இலக்க எண் இருக்கும்: 1419ன்னா 2019ல பதினாலாவது வாரம். 2019 வண்டி 40,000தான் ஓடிச்சுன்னு சொல்லி, டயர் மட்டும் ரெண்டாவது செட்டு மாத்தியாச்சுன்னா கணக்கு இடிக்குது.

ராணிப்பேட்டை73

எத்தனால் பற்றி. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான பெட்ரோல் கார்களில் இ20க்கு (20% எத்தனால் கலந்த பெட்ரோல்) ஏற்ற ரப்பர், சீல் இருக்கும். அதற்கு முந்தையவை பெரும்பாலும் இ10 வரைக்கானவை. பெட்ரோல் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் எழுதியிருக்கும், பார்த்துவிடுங்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, அதனால் மைலேஜ் விழுவது இயல்பு. இ0க்கு வடிவமைத்து இ10க்கு அளவு திருத்திய கார்களில் 6–7% வரை குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. கணக்குப்பிள்ளை சாரின் 14ஐ 13 என்று வைத்துக்கொள்வது நல்லது.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது பெட்ரோல் ஹோஸ், ஓ-ரிங், டேங்க்கில் உள்ள பம்ப். இரவு முழுக்க மூடி வைத்த வண்டியின் பானட்டைக் காலையில் திறந்தால் பெட்ரோல் வாடை வரக் கூடாது. ஹோஸை இரண்டு விரலால் அழுத்தினால் வெடிப்புத் தெரியும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஆகவே மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தும் வண்டிக்கு அரை டேங்க் விட்டுவைப்பது சரியல்ல. தினம் ஓடும் வண்டிக்கு இந்தக் கவலை குறைவு.

கணக்குப்பிள்ளை

13 என்று போட்டால் கிலோமீட்டருக்கு 7.85. வித்தியாசம் 2.63 ஆகிறது. 27,000 சுமைக்கு மாதம் 855 கி.மீ.யில் டீசல் தேறிவிடும். ஆக எத்தனால் வந்த பிறகு கோடு டீசல் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். ஆனால் 5 கி.மீ. நடைகளில் டீசல் 18 தராது, எஞ்சின் சூடாவதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிடும். அவருடைய 590 கி.மீ.க்கு டீசலையும் 14 என்றே வைக்க வேண்டும், பெட்ரோலை 11 என்று. அங்கே 102 ÷ 11 = 9.27; 94 ÷ 14 = 6.71. வித்தியாசம் 2.56, பெரிதாக மாறவில்லை. பணக்கணக்கு டீசலைத்தான் கொஞ்சம் தாங்குகிறது, ரிப்பேர் பயம் பெட்ரோலைத் தாங்குகிறது.

ஏலகிரி14

அதைத்தானே சொன்னேன்!

ஸ்பேனர்_காட்பாடி

பி.எஸ்.4 பிரெஸ்ஸா நல்ல கண்டிஷன்ல கிடைச்சா நானே வேணாம்னு சொல்ல மாட்டேன் சார். ஆனா சின்ன நடைல இ.ஜி.ஆர். வால்வும் இன்டேக்கும் கரி கட்டும், 40,000–50,000க்கு ஒரு தபா கழட்டிக் கழுவணும். கிளட்சும் ஊர் ஓட்டத்துல சீக்கிரம் போவும். ஹேண்ட்பிரேக் இழுத்து, மூணாவது கியர்ல மெதுவா கிளட்சை விடுங்க. உடனே எஞ்சின் அமர்ந்துட்டா நல்லது. அமராம உறுமினா கிளட்ச் வழுக்குது. ஒரு தபா பார்த்தா போதும், திரும்பத் திரும்பப் பண்ணி அடுத்தவன் கிளட்சை எரிக்காதீங்க.

டீசல் ஃபில்டர்ல தண்ணி நிக்கும், அடில இருக்கற திருகைத் தளர்த்தி ஒரு டம்ளர்ல புடிச்சுப் பாருங்க. அடில தண்ணி தனியா நின்னா, துருக் கலர்ல இருந்தா, அந்த டீசல்தான் இத்தனை நாளா பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் போயிருக்கு.

சத்துவாச்சாரிக்காரன்

வென்யூ 1.2இல் என்ன பார்க்க வேண்டும்? ஈகோஸ்போர்ட், டர்போ பெட்ரோல் நெக்ஸான் எல்லாமும் இதே விலையில் வருகின்றன.

ராணிப்பேட்டை73

1.2 காப்பா எஞ்சின் எளிமையானது: டர்போ இல்லை, டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இல்லை, டைமிங் செயின். இக்னிஷன் காயில், ஸ்பார்க் பிளக், த்ராட்டில் பாடி சுத்தம், எஞ்சின் மவுண்ட், இவ்வளவுதான். ஐடிலில் ஏ.சி. போட்டதும் எஞ்சின் துவண்டு நடுங்கினால் முதலில் த்ராட்டில் பாடியையும் மவுண்டையும் பாருங்கள். கூலன்ட் டேங்க்கைத் திறந்தால் (எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும்) பச்சை, சிவப்பு என்று நிறம் தெளிவாக இருக்க வேண்டும். தண்ணீர்போல் இருந்து, வாய்க்கருகில் வெள்ளைப் பொருக்குக் கட்டியிருந்தால் யாரோ போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் ரேடியேட்டர் குழாயையும் ஹீட்டர் கோரையும் அடைத்துவிடும்.

டர்போ பெட்ரோல் ஓட்ட நன்றாக இருக்கும். ஆனால் ஊருக்குள் 10, 11க்கு மேல் எதிர்பார்க்காதீர்கள், ஆயில் தேதி தவறக் கூடாது. வென்யூவின் 1.0 டர்போவில் டைரக்ட் இன்ஜெக்‌ஷன், இன்டேக் வால்வில் கரி படியும். அதோடு வரும் ட்ரை கிளட்ச் டி.சி.டி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் நெரிசலில் ஊர்ந்தால் சூடாகும். நீங்கள் மேனுவல் கேட்டதால் தப்பித்தீர்கள்.

ஈகோஸ்போர்ட் நல்ல வண்டி. ஃபோர்டு 2021இல் இங்கே விற்பதற்கான தயாரிப்பை நிறுத்திவிட்டதால் சாதாரண சர்வீஸ் பார்ட்ஸ் கிடைத்தாலும் பாடி பேனல், விளக்கு, எலக்ட்ரானிக் சமாச்சாரங்களுக்குக் காத்திருக்க வேண்டிவரும். டீசலில் டைமிங் பெல்ட், மாற்றிய பில் இல்லாவிட்டால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். 1.0 ஈகோபூஸ்ட்டில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும். தவறான கிரேடு ஆயில் ஊற்றியிருந்தால் பெல்ட் உரிந்து ஆயில் பம்ப் வாயை அடைக்கும். முதல் பழைய வண்டியாக அதை எடுக்க வேண்டாம்.

சத்துவாச்சாரிக்காரன்

சோனெட் வேண்டாம். வென்யூவை முதலில் பார்க்கிறேன். அதே விலைக்கு 2020–21 பிரெஸ்ஸா 1.5 பெட்ரோல் கிடைத்தால்?

ஸ்பேனர்_காட்பாடி

தாராளமா. 105 குதிரை, நாலு சிலிண்டர், டர்போ இல்ல. இழுவை 138, ஏலகிரி14 சாருக்கும் ஓரளவு சமாதானம். ஊருக்குள்ள 1.2வை விட மைலேஜ் ஒரு கிலோமீட்டர் குறையும், பெங்களூரு போறப்ப அலுப்பில்லாம போகும். டெஸ்ட் டிரைவ் ஊருக்குள்ள மட்டும் ஓட்டி முடிச்சுடாதீங்க. சர்வீஸ் ரோட்டுல பள்ளம் மேடுல கண்ணாடிய எறக்கி விட்டுக் கேளுங்க, லோயர் ஆர்ம் புஷ்ஷும் ஸ்ட்ரட்டும் அங்கதான் பேசும். அப்புறம் ஹைவேல 80, 100. பிரேக் அடிச்சா ஸ்டியரிங் நடுங்குதா, கைய விட்டா ஒரு பக்கம் இழுக்குதா. திரும்பி வந்து வண்டிய நிறுத்தி, பத்து நிமிசம் ஏ.சி. போட்டு ஐடில்ல விட்டு டெம்பரேச்சர் பாருங்க. சாயங்காலம் குளுமைல பார்க்காதீங்க, மத்தியானம் ஒரு மணி வெயில்ல பாருங்க.

ஆம்பூர்_பாய்

அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி பாலிசிய வாங்கிப் பாருங்க சார். க்ளெயிம் இல்லாத வண்டிக்கு நோ க்ளெயிம் போனஸ் 20, 25, 35, 45, 50ன்னு வருசா வருசம் ஏறும். அஞ்சு வருச வண்டிக்கு 20ன்னு போட்டிருந்தா, நடுவுல ஓனர் மாறலன்னா, ஏதோ அடியா இருக்கலாம். என்ன அடின்னு சர்வீஸ் சென்டர்ல சேசிஸ் நம்பர் கொடுத்துக் கேளுங்க. சின்ன பம்பர் அடின்னா பரவால்ல. அந்த போனஸ் விக்கிறவரோடயே போயிடும், உங்களுக்கு வராது. அதனால பிரீமியம் வித்தியாசம் நீங்கதான் கட்டணும், பட்ஜெட்டுல வச்சுக்குங்க.

லோன் இருந்தா பேங்க் என்.ஓ.சி.யும் ஆர்.சி.ல லோனை நீக்கற படிவம் 35உம் கைக்கு வராம முழுப் பணம் கொடுக்காதீங்க. ஓனர் பேர் மாத்தற படிவம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து, ஆர்.சி.ல இருக்கற கையெழுத்தோட ஒத்துப் போகணும். பாக்கி இ-சலான் இருக்கான்னு நம்பரப் போட்டுப் பாத்துடுங்க.

சத்துவாச்சாரிக்காரன்

நன்றி பாய். இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு ஆர்.சி. வரும்வரை காத்திருக்கலாமா?

ஆம்பூர்_பாய்

வேணாம். வாங்கின 14 நாளுக்குள்ள கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துடணும். அதுக்குள்ள மாத்தலன்னா தேர்ட் பார்ட்டி மட்டும்தான் உங்க கூட வரும். உங்க வண்டிக்கு அடி பட்டா பழைய ஓனர் பேர்ல இருக்கற பாலிசிய வச்சு க்ளெயிம் கேட்டா தட்டிக் கழிப்பாங்க. 29, 30 போட்ட அக்னாலெட்ஜ்மென்ட் நகல வச்சே அன்னிக்கே விண்ணப்பம் கொடுத்துடுங்க.